தம்பிக்கு ரத்தம் தேடிய நாள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சூலூர்ப் பக்கம் கல்லும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில் ஆறு தறி போட்டேன். இன்று நாற்பது ஓடுகிறது. மாடி வீடு, இரண்டு வேன், பையனையும் இன்ஜினியர் படிக்க வைத்துக் கல்யாணம் முடித்தேன். ஒருத்தனும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்ததில்லை.

கிணறு மட்டும் தம்பியோடு பங்கு. ஒரு நாள் எங்கள் மோட்டார், மறுநாள் அவனுடையது. அன்று காலை எங்கள் முறையில் அவன் சுவிட்சைப் போட்டுவிட்டான். கேட்டதற்கு, "ஏனுங்ணா, கெணத்துத் தண்ணியையும் நீங்கதான் தறியில நெஞ்சீங்களா?" என்று சிரித்தான்.

"போடுறா அவனை!" என்று பையனிடம் கத்தினேன். பையன் மண்வெட்டியை வீசிவிட்டான். தம்பியின் தொடை பிளந்தது. வாய்க்கால் தண்ணீர் சிவப்பாகப் போனது.

வேட்டியைக் கிழித்துத் தொடையை இறுக்கிக் கட்டி, நானே வேனை ஓட்டினேன். மருமகளும் ஐந்து மாதக் குழந்தையோடு ஏறிக்கொண்டாள். தம்பி செத்தால் அவள் புருஷன் கொலைகாரன்.

ஆஸ்பத்திரியில் தம்பிக்கு வேண்டிய ஓ நெகட்டிவ் ரத்தம் தீர்ந்துபோயிருந்தது. மருமகளுக்கு அதே வகை என்று பிரசவத்தின்போதே சொல்லியிருந்தார்கள்.

"பால் குடுக்கறதைச் சொல்லிப்போடாத, அம்மணி" என்றேன்.

டாக்டரம்மா கேட்டதும், "இல்லீங்க" என்றாள். அந்த நேரம் பார்த்து என் கையில் குழந்தை வீறிட்டது. அவள் ரவிக்கை நனைந்துவிட்டது.

"பால் குடுக்கற உடம்புல எடுக்க மாட்டோம்மா. வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"எடுங்கம்மா. அவரு ஜெயிலுக்குப் போயிருவாருங்க" என்று மருமகள் நீட்டிய கையை மடக்கவே இல்லை.

குழந்தையை அவள் மடியில் போட்டுவிட்டு நான் மேசையை உதைத்தேன். ஊசித் தட்டு பறந்தது. கழுத்தைப் பிடித்துத் தள்ளிய காவலாளியின் மூக்கில் ஒன்று வைத்தேன். வேனைத் திருப்பித் தறிப்பட்டறைக்குப் பறந்தேன். அத்தனை தறியையும் நிறுத்தி, இருபது பேரைச் சட்டை மாட்டக்கூட விடாமல் ஏற்றினேன்.

"ஏனுங்க மொதலாளி, கூலியை ஏத்துங்கன்னா ரத்தத்தை எறக்கறீங்களே!" என்றான் ஒருவன். அந்த வாயாடியின் ரத்தம்தான் சேர்ந்தது.

தம்பி பிழைத்தான். மண்வெட்டி மேல் வழுக்கி விழுந்ததாகப் போலீசிடம் சொன்னான். "அந்தப் புள்ள கையை நீட்டிட்டு நின்னுதாம். அதுக்காகத்தானுங்ணா" என்றான் என்னிடம்.

கொடுக்காத ரத்தத்துக்கு மருமகளுக்குத் தம்பி வீட்டில் பட்டுச்சேலை எடுத்தார்கள். எடுக்கட்டும், பெரிய மனசுக்காரிதான். ஆனால் அடிக்கச் சொன்னவன் நான் என்று ஊரெல்லாம் பேசுகிறீர்களே, தறியை நிறுத்தி ரத்தம் கொண்டுவந்தவனும் நான்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.