ப்ரிமோ வீட்டு எலும்பூசி

பிப்ரவரிச் சந்தைக்குக் கிளம்பும்போது எர்சீலியா மேலங்கியின் வலது பையில் அப்பாவின் எலும்பூசியைப் போட்டுக்கொண்டாள். இடது பையில் ஒரு மூக்குப்பொடி டப்பா. அதற்குள் ஒரு வாரமாக அழுகவிட்ட பன்றிக்கறி, கறிக்குள் புதைத்துவைத்த இன்னொரு ஊசி. முப்பத்தோரு வருஷமாக அவள் காத்திருந்த நாள் இது. நசரேனோ இந்த வருஷம் தன் வீட்டு உப்பிட்ட பன்றித் தொடையைச் சோதனைக்கு வைக்கப்போகிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

பெரூஜா மாகாணத்தின் கிழக்குக் கோடியில், சிபில்லீனி மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். போப்பாண்டவர் ஆண்ட காலத்திலேயே பனிக்காலம் வந்தால் ரோமாபுரிக்கு நடந்துபோய்ப் பன்றி அறுத்துவிட்டு வந்த கூட்டம் நாங்கள். பன்றியின் பின்னந்தொடையை உப்பில் புதைத்து, மலைக்காற்றில் ஒன்றரை வருஷம் தொங்கவிடுவோம். அது தேறியதா கெட்டதா என்று வெளியே பார்த்தால் தெரியாது. குதிரைக் கால் எலும்பில் செதுக்கிய ஊசியை எலும்போரம் குத்தி, உருவின கையோடு மோந்து பார்க்கவேண்டும். எலும்பூசி வாசனையைச் சட்டென்று வாங்கும், சட்டென்று விட்டுவிடும்.

எர்சீலியாவின் அப்பா ப்ரிமோவை அறுப்புக்குக் கூப்பிடாத வீடு அப்போது ஊரில் கிடையாது. அது இன்னொரு அறுப்புக்காரனான நசரேனோவுக்குப் பொறுக்கவில்லை. 1988 சந்தையில் மோந்து சொல்லும் முறை அவனுக்கு வந்தது. ப்ரிமோவின் தொடையில் ஊசியைக் குத்தினான். பிறகு கோட்டுப்பைக்குள் கைவிட்டுத் துழாவி, ஓர் ஊசியைத் தூக்கிப் பிடித்து, "சவ நாத்தம் அடிக்குது!" என்றான். வந்து மோந்தவர்களெல்லாம் குமட்டினார்கள். அவன் கை பைக்குள் போய் வந்ததை எர்சீலியா கண்ணால் பார்த்தாள். கத்தினாள். "பெத்த அப்பனுக்குப் பொண்ணு பரிஞ்சுதானே பேசும்" என்று சிரித்துவிட்டார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் நசரேனோவின் பையிலிருந்து விழுந்த மூக்குப்பொடி டப்பாவை அவள் பொறுக்கி வைத்துக்கொண்டாள். மூடியில் அவன் பெயரே கீறியிருந்தது. அதைக் காட்டியிருந்தாலும் அன்றைக்கு யார் நம்பியிருப்பார்கள்?

அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் ப்ரிமோவைக் கூப்பிடவில்லை. கத்தியைத் தீட்டித் தீட்டி வைப்பார், யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். நாலே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். எர்சீலியா அவருடைய ஊசியை எடுத்துக்கொண்டு மலையெல்லாம் சுற்றினாள். அவள் மூக்குக்கு ஈடு இல்லை என்று ஊரே ஒப்புக்கொண்டு, பத்து வருஷமாக அவளைத்தான் மோந்து சொல்ல உட்காரவைக்கிறது. அந்தப் பத்து வருஷமும் நசரேனோ தன் தொடையைச் சந்தைக்குக் கொண்டுவரவேயில்லை. இப்போது பூகம்பத்தில் இடிந்த நிலவறையைப் புதிதாகக் கட்டியிருக்கிறான், அந்தக் கொழுப்பில்தான் கொண்டுவருகிறான்.

சந்தைக்குள் நுழைந்ததுமே தீய்ந்த வாடை. நசரேனோவின் கடையில் சட்டியோடு கரியாகிக் கிடந்தது காஸ்தெல்லூச்சோ ஊர்ப் பருப்புக் கஞ்சி. அவன் மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, பக்கத்துலயே குத்துக்கல்லாட்டம் நிக்கிறீங்களே, அடிபிடிச்சது தெரியலையா?" அவன் ஏதோ முணுமுணுத்தான். எர்சீலியா அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவள் விரல்கள் டப்பாவைத் தடவிக்கொண்டிருந்தன.

ஐந்தாவதாக வந்தது நசரேனோவின் தொடை. கூட்டம் நெருக்கியது. இரண்டு வீட்டுப் பகையும் தெரியாதவர் யார்?

"பாத்துக் குத்து, ப்ரிமோ மவளே. அது தொடை, என் நெஞ்சில்ல" என்றான் நசரேனோ. எல்லாரும் சிரித்தார்கள்.

முதலில் நல்ல ஊசியைக் குத்துவது, பிறகு பைக்குள் கைவிட்டு மாற்றுவது, அவன் செய்த மாதிரியே. குத்தினாள். உருவி, பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். தூக்கிவாரிப் போட்டது. தொடை நிஜமாகவே கெட்டிருந்தது! பத்தடி தள்ளி நின்றாலே கண்டுபிடிக்கிற நசரேனோ இதை எப்படிச் சபைக்குக் கொண்டுவந்தான்? அப்போதுதான் கரிந்த கஞ்சி நினைவுக்கு வந்தது. அட கடவுளே, இவன் மூக்கு செத்துப்போச்சு!

நாறுகிறது என்று அவள் சொன்னால் பழி தீர்க்கிறாள் என்பார்கள். மறுபடி குத்தி, ஊசியை அவனிடமே நீட்டினாள்.

"நான் எதுக்குச் சொல்லணும் பெரியவரே? நீங்களே மோந்து சொல்லுங்க."

அவன் ஒரு கணம் தயங்கினான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. ஊசியை மூக்கில் வைத்துக் கண்ணை மூடி, "ஆகா, பூ மாதிரி மணக்குது!" என்றான்.

"ஃபாதர், நீங்களும் பாருங்க" என்று மூன்றாம் முறை குத்தி, பாதிரியார் செல்சோவிடம் கொடுத்தாள். அவர் மோந்தார், கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு ஓடினார். அடுத்து மோந்தவர்களும் அப்படியே. சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. "எந்தப் பூவுய்யா அது? கல்லறைப் பூவா?" என்று எவனோ கத்தினான்.

நசரேனோ அவள் பக்கம் குனிந்தான். அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "ரெண்டு வருஷமா எனக்கு ஒண்ணுமே மணக்கலை. வீட்டுல கூடச் சொல்லலை" என்றான்.

அவளுக்கு இரக்கம் வரவில்லை. வயிறு குளிர்ந்தது. டப்பாவை எடுத்து, மூடியில் இருந்த பெயர் தெரியும்படி அவன் முன்னால் வைத்தாள்.

"இது உங்களோடது. எங்கப்பன் தொடை நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்றீங்களா? இல்ல, இதத் தெறந்து நீங்க அன்னிக்கு என்ன செஞ்சீங்கன்னு ஊருக்கே செஞ்சு காட்டவா?"

அவன் டப்பாவையே பார்த்தான். உதடு அசைந்தது. "ப்ரிமோ தொடை நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் ஊசிய மாத்தினேன்."

"கேக்கலை" என்றாள் எர்சீலியா. "கடைசில நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

அவன் சத்தமாகச் சொன்னான். 'பொண்ணு பரிஞ்சு பேசுது' என்று அன்று சிரித்த கிழவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள்.

எர்சீலியா அப்பாவின் ஊசியை மேலங்கியில் துடைத்தாள். "அடுத்த தொடையக் கொண்டாங்க" என்றாள்.