கண்டக்டர் மனைவி மிட்வைஃப் ஆன கதை

லேபர் ரூம் நர்சுகளுக்கு ஒரு வியாதி உண்டு: எந்தப் பிள்ளை பிறந்தாலும் நம்ம கையில்தான் பிறந்தது என்று நெஞ்சை நிமிர்த்துவோம், வீட்டுக்காரர்கள் கொண்டு வருகிற லட்டு டப்பா மட்டும் நேரே டாக்டர் அறைக்குப் போய்விடும். கேரள எல்லையில் பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இந்த வியாதியோடு பதினோரு வருசம் ஓட்டியவள் நான். பெயர் ஷீலா. கால் கடுக்க நின்று, தொண்டை கட்டக் கத்தி, வீட்டுக்கு வந்ததும் 'உனக்கென்ன, ஊசி போடுற வேலைதானே' என்று சொல்லும் சொந்தக்காரர்களுக்குச் சாயா போட்டுக் கொடுக்கிற சகோதரிகளே, இது உங்களுக்காக எழுதுகிறேன்.

முப்பத்தாறாவது வயசில் எனக்கு மிட்வைஃப் படிப்பு படிக்க வேண்டும் என்று ஆசை பிடித்தது. சும்மா ஆசை இல்லை, சோறு இறங்காத ஆசை. ஒண்ணரை வருசம், நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஹாஸ்டலில் தங்க வேண்டும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் ரெண்டு. வேலை பார்க்கிற இடத்திலிருந்து கடிதமும் வேண்டும். வீடு, சர்ச்சுச் சபை, ஆஸ்பத்திரி, இதில் ஒரு இடத்தில் முகம் திருப்பினாலும் என் படிப்பு அதோடு முடிந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்தவள்

ஆசை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். கள்ளிக்காட்டிலிருந்து சிந்து என்று ஒருத்தி ரெண்டாம் பிரசவத்துக்கு வந்தாள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே முறைதான். வலி முற்றினால் மேசையில் ஏற்றி மல்லாக்கப் படுக்க வைத்து, காலைத் தூக்கிக் கட்டி, ரெண்டு பக்கமும் ரெண்டு நர்சு நின்று 'முக்கு, முக்கு' என்று கத்துவோம். சிந்து மேசையில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். கெஞ்சினேன், கொஞ்சினேன், கடைசியில் திட்டியும் பார்த்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பை மெல்ல ஆட்டிக்கொண்டே நின்றாள்.

வர வேண்டிய டாக்டரம்மா ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார். வேறு வழி இல்லாமல் நான் தரையில் முட்டுப் போட்டேன். யாரும் கத்தவில்லை, யாரும் இழுக்கவில்லை. பிள்ளை தானாக வழுக்கி என் கைக்குள் வந்தது. ஒரு தையல் கூடத் தேவைப்படவில்லை. பதினோரு வருசத்தில் அப்படி ஒரு பிரசவம் நான் கண்டதில்லை. பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு பொலபொலவென்று அழுதுவிட்டேன். மேலே இருந்து சிந்து குனிந்து பார்த்தாள்.

"நீங்க என்னத்துக்கு சிஸ்டரே அழுதிய? பெத்தது நானாக்கும்."

பின்னால் நிற்கிறவர்

என் வீட்டுக்காரர் ஸ்டீபன் நெய்யாற்றின்கரையிலிருந்து ஓடும் அரசு பஸ்ஸில் கண்டக்டர். விஷயத்தைச் சொன்னதும் பிள்ளை எடுக்கிற வயத்தாட்டி வேலைக்கு ஒரு படிப்பா என்றார். இப்பவும் நீ அதைத்தானே செய்கிறாய் என்றார். மூன்று நாள், மூன்று நேரமும் நான் விளக்கம் சொன்னேன். கை என்னுடையது, சொல் இன்னொருத்தருடையது என்றேன். எப்போது நடக்க விடணும், எப்போது காத்திருக்கணும், எது ஆபத்து, எது ஆபத்தில்லை, இதெல்லாம் எனக்கே தெரிந்து நானே முடிவு எடுக்கணும் என்றேன். அவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். சரி, ஆசைக்கு இன்றோடு அடக்கம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் வந்தவர் டிக்கெட் மெஷினைக் கூட மேசையில் வைக்கவில்லை. தோளில் பையோடு அடுக்களை வாசலில் நின்றார்.

"இருபது வருசமா பின்னால நின்னு பெல் அடிக்குதேன். நிக்கவும் போகவும் நான்தான் சொல்லுதேன், ஆனா ஸ்டியரிங் என் கையில இல்ல. உனக்கு ஸ்டியரிங் வேணும், அவ்வளவுதானே? போயிட்டு வா."

லண்டன் போன்

வீட்டுக்காரர் சரி என்றதும் அவர் தங்கை ஜாஸ்மின் லண்டனிலிருந்து வீடியோவில் வந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் நர்சு என்றால் ஒன்று லண்டன், இல்லாவிட்டால் குவைத். இங்கேயே இருக்கிறேன் என்று சொல்கிற நர்சை வரன் அமையாத பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். ஜாஸ்மின் அரை மணிக்கூறு மூச்சு விடாமல் பேசினாள். இங்கிலீஷ் பரீட்சை ஒன்று எழுதினால் போதுமாம், லண்டனுக்கே வந்து விழலாமாம், முப்பத்தாறு வயசில் யாராவது ஹாஸ்டலுக்குப் போவார்களா என்று கேட்டாள்.

எனக்கும் கோபம் வரும். உன் மூத்தவன் அங்கே பிறந்தபோது டாக்டர் ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று ஊர் முழுக்க போன் போட்டு அழுதாயே, அப்போது உனக்குப் பிரசவம் பார்த்தது யார் என்று கேட்டேன். மிட்வைஃப்தான் என்றாள். எப்படிப் பார்த்தாள் என்று கேட்டேன். ஜாஸ்மின் முகம் மாறிவிட்டது.

"எட்டு மணிக்கூறு என் முதுகத் தடவிக்கிட்டே இருந்தா மைனி. அம்மை கூட இல்லாத எனக்கு அவதான் அம்மை. நீ போ, நான் ஒண்ணும் சொல்லல்ல."

பிடியரிசி

அடுத்த கவலை பிள்ளைகள். ஸ்டீபன் டியூட்டி முடிந்து வர ராத்திரி ஆகும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற ரெண்டும் அதுவரை யார் வீட்டில் நிற்கும்? புதன்கிழமை எங்கள் சபைப் பெண்கள் கூட்டத்தில் எழுந்து, படிப்பையும் பிள்ளைகள் பாட்டையும் சொல்லி, எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்டேன். நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. பிரசவம் என்று நான் வாயெடுத்ததும் ஒவ்வொருத்தியும் தன் தன் பிரசவக் கதையை எடுத்துவிட்டாள். ஒருத்தியை நர்சு தொடையில் அடித்தாளாம். இன்னொருத்தி தண்ணீர் கேட்டதற்குத் திட்டு வாங்கினாளாம். திட்டினது நானாக இருக்கக் கூடாதே என்று நான் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தேன். கூட்டம் முடிகிற நேரம் ஆகியும் ஜெபம் தொடங்கினபாடில்லை.

செக்ரட்டரி ரெத்தினபாய் அக்கா மேசையைத் தட்டினார். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கிறபோது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்போம்; மாசக் கடைசியில் அதை வேதக்கோயிலில் கொண்டு சேர்ப்போம். அக்கா நோட்டைத் திறந்து, திங்கள், செவ்வாய் என்று கிழமைகளை வரிசையாக எழுதி, முதல் கிழமைக்கு நேரே தன் பெயரைப் போட்டார்.

"அரிசி ஆளுக்கு ஒரு பிடி எடுத்து வைக்குதோம் இல்லியா? ஷீலாவுக்கு ஆளுக்கு ஒரு சாயங்காலம் எடுத்து வைப்போம். ஜெபம் நடந்துகிட்டே செய்யலாம் மக்கா, பேரச் சொல்லுங்க."

மேசை டிராயர்

டாக்டரம்மாதான் பெரிய மலை. கடிதத்தில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேண்டும். வாங்கிப் பார்த்தார், டிராயரில் போட்டுப் பூட்டினார். ரெண்டு வாரம் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. விண்ணப்பிக்க இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. சாமான் மாற்றி வைத்தாலும் குற்றம், வைக்காவிட்டாலும் குற்றம் என்று என்னை வறுத்தெடுத்தார். அவருக்கும் ஒரு பயம் என்று எனக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஊர் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்.

அன்றைக்கு ஓ.பி. முடிந்ததும் நேரே போய் நின்றேன். உங்கள் இடத்தைப் பிடிக்க நான் போகவில்லை டாக்டர், இப்போது எதைக் கண்டாலும் பயந்து உங்களைக் கூப்பிடுகிறேன், கூப்பிட வேண்டிய நேரத்தில் தெரியாமல் விட்டுவிடுவேனோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்புறம் சாவியை எடுத்து டிராயரைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"எப்ப என்னைக் கூப்பிடணும்னு படிச்சிட்டு வா. எப்ப கூப்பிட வேண்டாம்னு அதவிட நல்லா படிச்சிட்டு வா."

நானே படுத்த மேசை

படிப்பில் சேர்ந்த ரெண்டாம் வாரம் எங்கள் டீச்சர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொருத்தியும் பிரசவ மேசையில் மல்லாக்கப் படுத்து, காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, இருபது நிமிசம் கிடக்க வேண்டும். நான் மூத்தவள், அனுபவக்காரி, சிரித்துக்கொண்டே ஏறினேன். அஞ்சாவது நிமிசத்தில் சிரிப்பு போனது. பத்தாவது நிமிசம் இடுப்பு ரெண்டாகப் பிளந்தது. வயிற்றில் பிள்ளை இல்லாத எனக்கே இப்படி. அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் நின்ற, கூடப் படிக்கிற செல்வி, இருபத்தஞ்சு வயசுக்காரி, காதுக்குள் கத்தினாள், முக்கு, முக்கு, ஒழுங்கா முக்கத் தெரியாதா என்று.

கட்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கி அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். ஒரு பொம்பளையிடம் இப்படியா பேசுவது, உனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். பாவம், அந்தப் பிள்ளை ரெண்டடி பின்னால் போனது.

"அக்கா, நேத்து வார்டுல நீங்க சொன்னதத்தான் அப்படியே சொன்னேன்."

அன்று இரவு பாயில் படுத்தேன். பதினோரு வருசத்தில் நான் காலைக் கட்டின பெண்களின் முகம் ஒவ்வொன்றாக வந்தது. அடுத்த நாள் முதல் வார்டில் நான் கத்த வாய் திறந்தால் செல்வி என் கையைக் கிள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டேன். ஒரு மாசம் கை சிவந்திருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது.

பிரசவம் பார்த்தவர்

தேறி வந்தேன். நல்ல மார்க்கோடு தேறி வந்தேன் என்பதையும் சொல்லத்தான் செய்வேன். டாக்டரம்மா கடைசி அறையை எனக்கு ஒதுக்கித் தந்தார். மேசையை வெளியே தூக்கிப் போட்டு, தரையில் மெத்தை விரித்து, வலி நேரத்தில் உட்கார்ந்து ஆட ஒரு பெரிய ரப்பர் பந்தும் வாங்கிப் போட்டேன். முதல் ஆளாக வந்தவள் பெருங்கடவிளையிலிருந்து அஞ்சு என்கிற பெண், தலைப்பிரசவம். அவள் அம்மா அறைக்குள் நின்றுகொண்டு பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை டாக்டர் எப்போ வருவாங்க என்று கேட்டார். டாக்டரம்மா வெளியே வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதவுதான்.

காலையிலிருந்து அஞ்சுவோடு நடந்தேன், முதுகைத் தடவினேன், கஞ்சித் தண்ணி கொடுத்தேன், பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பை விடாமல் கேட்டுக் குறித்தேன். நடுவில் ஒரு முறை டாக்டரம்மாவைக் கூப்பிடக் கதவு வரை போய்விட்டேன். குறித்ததைத் திரும்பப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கதவைத் திறக்கவில்லை. மத்தியானம் ரெண்டரைக்கு அவள் குந்தி உட்கார்ந்து, அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு, ஆண் பிள்ளை பெற்றாள். கீறல் இல்லை, தையல் இல்லை, கத்தல் இல்லை. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்லுவேன்? எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது.

ஆடாமல் ரிஜிஸ்டரை எடுத்தேன். 'பிரசவம் பார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருசப் பழக்கம், கை தானாக டாக்டரம்மா பேரை எழுதிவிட்டது. உள்ளே வந்த டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், கடைசியில் ரிஜிஸ்டரைப் பார்த்தார். என் கையிலிருந்த பேனாவை வாங்கித் தன் பேரை ஒரே கோடாக அடித்துவிட்டு, பேனாவைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

"நான் ரெண்டு சாயா குடிச்சேன், அவ்வளவுதான். உன் பேர எழுது."

ஊரையே கூட்டிச் சம்மதம் வாங்கி ஒண்ணரை வருசம் படித்து நான் தெரிந்துகொண்டது இதுதான் சகோதரிகளே: உலகத்திலேயே நீளமான படிப்பு வாயை மூடிக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் உட்காருகிற படிப்பு, அதிலும் நான் பாஸ்.