இடப்பக்கம் பார்த்த நடுவர்

ஆவூர் பங்கிராஸ் இருபத்தாறு வருடமாகக் கபடி நடுவர். ஆட்டம் முடியும்வரை எந்த ஊரிலும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். பையில் சொந்தப் பாட்டில் இருக்கும். அவர் நேர்மைக்கு நான் அறிந்த சான்று அந்தப் பாட்டில்தான். அது போதும்.

போன வருடம் கபடிப் படம் எடுக்க வந்தவர்கள் அவரையே நடுவராக நிறுத்தினார்கள். நாள் முழுக்க வெயில். பாட்டில் காலி. "சார், அங்கிட்டுப் பாருங்க, மோர் வருது" என்றார் உதவி இயக்குநர். பங்கிராஸ் இடப்பக்கம் திரும்பி லேசாகச் சிரித்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் மோர் இல்லை. பண்ணையார் ஒருவர் தலையசைக்கிறார். உடனே பங்கிராஸ் சிரிக்கிறார். கேமரா காலடியிலிருந்து அவர் முகத்தைப் பூதாகரமாக்குகிறது. எல்லாச் சத்தமும் அடங்கி ஒற்றை உறுமி மட்டும் ஒலிக்க, விசில் மெல்ல மெல்ல உதட்டுக்குப் போகிறது. கதாநாயகன் தோற்கிறான்.

"ஏங்க, இவ்ளோ கேவலமாவா சிரிச்சீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி வியாகுலமேரி.

"அது மோரப் பாத்துச் சிரிச்சதுடி."

"மோர எங்க காட்டுறான்?"

இரண்டு துண்டுகளை ஒட்டினார்கள், அவ்வளவுதான். மிச்சப் பொய்யைப் படம் பார்த்தவர்களே சொல்லிக்கொண்டார்கள். அதன்பின் யாரும் அவரை நடுவராகக் கூப்பிடவில்லை.

இந்த மாசியில் கறம்பக்குடிப் பக்கம் ஓர் ஊரில் மட்டும் கூப்பிட்டார்கள். "இதுலயும் பேர் கெட்டா விசில வச்சுர வேண்டியதுதான்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

விழாக் குழுவினரின் நாற்காலிகள் இடப்பக்கம். "அண்ணே, அங்கிட்டுப் பாத்துச் சிரிச்சுறாதீங்க!" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசி நிமிடத்தில் கபடி பாடிப் போன உள்ளூர் ஆட்டக்காரன் தமிழ்ச்செல்வன், இடப்பக்கக் கோட்டோரம் ஒருவனைத் தொட்டுத் திரும்பினான். பங்கிராஸ் புள்ளி கொடுத்தார். உள்ளூர் ஜெயித்தது.

"கோட்டுக்கு வெளிய மிதிச்சுட்டான் சார்! வந்து பாருங்க!" என்று எதிரணித் தலைவன் உடையப்பன் அலறினான்.

போய்ப் பார்த்தார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, ஈரமண்ணில் முழுப் பாதம். நாற்காலிகளுக்கு நேர் முன்னால்.

"தப்பு என்னுதுதான். அவன் அவுட்டு" என்று தீர்ப்பை மாற்றினார்.

மைக்செட்காரன் அந்தப் படத்தின் உறுமியைப் போட்டுவிட்டான். "இங்கிட்டு எவ்ளோண்ணே, அங்கிட்டு எவ்ளோ?" என்று ஒரு குரல். ஜெயித்த உடையப்பனும் சேர்ந்து சிரித்தான். குழுவில் ஒருவர் மோர் டம்ளரை நீட்டினார்.

"வேணாம். எடுத்துட்டுப் போங்க."

ஏழெட்டு செல்போன்கள் அவர் முகத்துக்கு நேரே நீண்டிருந்தன. மண்ணில் பதிந்த பாதத்தை ஒருவரும் படம் பிடிக்கவில்லை. பங்கிராஸ் விசிலைக் கழற்றிப் பாட்டிலோடு பைக்குள் போட்டார்.