ரிதம் பேட் நின்ற நாள்

கச்சேரியில் சண்டை வந்தால் தாளத்தை ஏற்று, நிறுத்தாதே. எங்கள் லைட் மியூசிக் ட்ரூப்பின் சட்டம் அது. மாப்பிள்ளை வீட்டார் குடித்துவிட்டு நாற்காலியைத் தூக்கினாலும், ரிதம் பேட் வாசிக்கிற நான் கையை எடுக்கக் கூடாது. சண்டைச் சத்தம் பந்தி வரைக்கும் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இருபது வருடம் அதைப் பெருமையாகச் செய்தேன், வெட்கக்கேடு.

எங்களோடு பாடியவள் வியட்நாம்காரி. சைகோனில் ஹோட்டல் மேடையில் பாடிக்கொண்டிருந்தவளை, தோல் கம்பெனி வேலையாகப் போன அசோக் நகர்க்காரன் ஒருவன் கல்யாணம் செய்து கூட்டிவந்தான். தமிழ்ப் பாட்டுகளைத் தன் மொழி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, ஒரு சங்கதி பிசகாமல் பாடுவாள். இந்த ஊரில் பாட்டு ஒன்றுதான் தன்னுடையது என்பாள். ஜனம் விசில் அடிக்கும். அது புருஷனுக்குப் பொறுக்காது.

தி. நகர் மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன். இரண்டு பாட்டுக்கு நடுவே அவளை மேடைக்குப் பின்னால் இழுத்துப் போய் அறைந்தான். திரை இடுக்கில் எனக்குத் தெரிந்தது. ட்ரூப் ஓனர் என் தோளை அழுத்தி, "இன்னா நடந்தாலும் நிறுத்தாத நைனா" என்றார். குத்துத் தாளத்தை ஏற்றினேன். கூட்டம் எழுந்து ஆடியது. அவள் தலை சுவரில் மோதியதைப் பார்த்தேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அடுத்த வாரம் வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். இடது காதில் ஜவ்வு கிழிந்து உள்நரம்பும் போய்விட்டது, இனிமேல் கேட்காது என்று டாக்டர் சொன்னாராம். இன்னொன்றும் போனால் பாட்டே போச்சு.

ராஜா அண்ணாமலைபுரத்தில் மறுபடியும் அதே கதை. வந்தான், முடியைப் பிடித்தான், திரைக்குப் பின்னால் இழுத்தான். நான் கையை எடுத்துவிட்டேன். மண்டபம் கப்சிப் என்றானது. அவன் விட்ட அடுத்த அறை எல்லோருக்கும் கேட்டது, அதற்கு அடுத்ததும். ஒருத்தரும் எழவில்லை. முன்வரிசையில் ஒருவர், "பாட்ட போடுப்பா" என்றார்.

அப்புறம் எனக்கு நிதானம் இல்லை. மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய் அவள் புருஷன் முழங்கையில் போட்டேன். எலும்பு முறிந்தது. விழுந்தவனை வாயிலேயே மிதித்தேன். பல்லோடு ரத்தம் துப்பினான். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

அவள் உதடு கிழிந்து சுவரோடு உட்கார்ந்திருந்தாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று நின்றேன். வலது காதை இறுக்கிப் பொத்தியிருந்த இரண்டு கையையும் மெதுவாக எடுத்தாள்.

"அன்னிக்கே நிறுத்தியிருக்கலாம், அண்ணா" என்றாள்.