வெறும் பக்கம்

சந்தனம் வைக்க உலகத்தில் வேறு இடமே கிடைக்காதவர் மாதிரி, ஆயுத பூஜையன்று அண்ணன் என் கேம் டிஸ்கின் பளபளக்கும் பக்கத்தில் பொட்டு வைத்தார். மலேசியாவின் பண்டார் தெங்காராவில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும், அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கும் ஸ்பேனர்களுக்கும் வைத்தது போதவில்லை. மிச்சச் சந்தனத்தோடு என் அறைக்குள் வந்துவிட்டார்.

"படம் இருக்கிற பக்கத்துல வச்சா படம் வீணாப் போயிடும்லா. அதான் வெறும் பக்கத்துல வச்சேன்" என்றார்.

வெறும் பக்கமாம்! கேம் முழுவதும் அந்தப் பக்கத்தில்தான் பதிந்திருக்கிறது என்று கத்தினேன். ஆத்திரத்தில் சட்டை நுனியால் வட்டமாகத் தேய்த்தேன். காய்ந்த சந்தனம் மணலாக உரசி, டிஸ்க் முழுக்கக் கீறல் விழுந்தது. கேம் மெஷின் அதை விழுங்குவதும் துப்புவதுமாக இருந்தது. தீபாவளி வரை நான் அண்ணனோடு பேசவில்லை.

அவரிடமிருந்து தப்பிக்கவே, டிஸ்க் போட வாயே இல்லாத மெஷினை வாங்கினேன். அடுத்த பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிஸ்க் எங்கடா?"

"இதுல டிஸ்க்கே கிடையாது. இனிமே நீங்க எதுலயும் பூச முடியாது."

"அப்போ கேம் எங்க இருக்கு?"

"கம்பெனிக்காரன்கிட்ட. நெட்ல இறக்கிக்கணும். அவன் கடையச் சாத்திட்டா அவ்ளோதான்" என்றேன் வீம்பாக.

அண்ணன் கிண்ணத்தை மூடினார்.

"அப்போ பொட்டு அவனுக்குல்லடா வைக்கணும்."