இரண்டடி இடைவெளி

கர்ஜத் லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் நான் உடனே தூங்கிவிடுவேன். கிடைக்காவிட்டாலும் தூங்குவேன். நின்றுகொண்டு தூங்கியிருக்கிறேன், யாருடைய டிபன் பையிலோ முகத்தைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறேன். அந்த அரைத்தூக்கத்தில்தான் எனக்குப் பிடித்ததெல்லாம் நடக்கும். செம்பூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரையில் இருக்கும் கட்டங்கள் மெல்லப் பச்சையாகும். ஓரமாகத் தண்ணீர் ஓடும். பக்கத்து நாற்காலிக்காரர் இருமினால் மறுபடி கட்டங்களாகிவிடும்.

படித்துவிட்டு ஏன் விவசாயத்துக்குப் போனீர்கள் என்று கேட்பவர்களுக்கு நான் ஒருநாளும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. போனில் வருகிற வீடியோக்களில் சிலர் தொப்பி போட்டுக்கொண்டு, பெரிய சம்பளத்தை உதறிவிட்டு வந்த கதையைச் சொல்லி, ஒரு பிடி மண்ணை முகர்ந்து காட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மண்மேல் எனக்கு அப்படியொன்றும் பக்தி கிடையாது. நான் இன்ஜினியரிங் படித்தவன். என் மனைவி தாவரவியலில் எம்.எஸ்ஸி., காட்கோபரில் ஒரு கோச்சிங் கிளாஸில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் தாராவியில் ஒரே கல்லி, குறுகிய அந்தச் சந்தில் எதிரெதிர் வரிசை. உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கும். எனக்குக் காலை நீட்டிப் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கோலி பத்தடிக்குப் பத்தடி. அந்த ஓர் அறைதான் வீடு. அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அம்மா, நாங்கள் இருவர். அண்ணன் குடும்பத்துக்கு மேலே பலகை அடித்த தட்டு. கீழே பெட்டிகளும் பாத்திரங்களும் அடுக்கிய கட்டிலுக்கு அடியில் என் கால்கள், அடுப்பு மேடையை ஒட்டி என் மனைவி. அம்மா வாசலோரம். ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, கதவைப் பார்த்துப் படுப்பாள். நினைவு தெரிந்த நாளாக அவள் வேறு மாதிரி படுத்து நான் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாகவும் யாரும் நினைத்ததில்லை.

மனைவியின் கல்லூரித் தோழி குடும்பத்துக்கு, மும்பைக்கு வெளியே, கர்ஜத் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவில் அரை மணி தூரத்தில் ஒன்றரை ஏக்கர் சும்மா கிடந்தது. இந்த மாநிலத்தில் விவசாய நிலம் வாங்க வேண்டுமென்றால் ஏற்கெனவே விவசாயியாக இருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவனை மட்டும்தான் தண்ணீரில் இறங்க விடுவோம் என்பது மாதிரியான சட்டம். அதனால் குத்தகைக்கு எடுத்தோம். இருவரும் ஒரே வாரத்தில் வேலையை விட்டோம். பகுதி நேரம், ஞாயிற்றுக்கிழமை விவசாயம் என்ற பேச்சே இல்லை. ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்தால் மறுபடி கட்டிலுக்கு அடியில்தான் வந்து சேருவேன் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"நான் சேத்துல இருந்து கரையேறி வந்தவ. நீ இம்புட்டுப் படிச்சுப்போட்டு அதுல போயி இறங்குத."

அவள் பத்து வயதிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். கல்யாணமாகி மும்பைக்கு வந்தபிறகு மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் பக்கம், மூன்று வீடுகளில் சமையல். அந்த மூன்று அடுப்புகளில்தான் என் படிப்பு வெந்தது. "எம்மவன் ஏசியில உக்காந்து வேல பாக்கான்" என்று அந்த வீடுகளில் அவள் சொல்லும்போது நான் கேட்டிருக்கிறேன். அதைத்தான் நான் பிடுங்கிக்கொண்டேன் என்று அன்று புரிந்தது. புரிந்தும் கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று வீட்டில் சொல்வார்கள், அது பொய்யில்லை.

"ஒரு தடவையாவது வந்து பாரேன்" என்றேன்.

"வெளைஞ்சா வாரேன். அதுவரைக்கும் கல்லியில ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்பிடாது."

மூச்சு விடாமல் இருந்திருந்தால் பரவாயில்லை. கம்பெனி என்னைக் கர்ஜத் பிராஞ்சுக்கு மாற்றிவிட்டதாக அம்மா கல்லி முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் போகும்போது இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, தோளில் லேப்டாப் பை. பைக்குள் லேப்டாப் கிடையாது. வாசலில் நிற்க வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் என் நகங்களைத் தேய்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். எதிர்வீட்டு அக்கா கேட்பாள்: "என்ன தம்பி, புது ஆபீஸ்ல ஏசி நல்லா இருக்கா?" நான் "இருக்குக்கா" என்பேன். ஜூன் கடைசி. ஒரு வாரமாக மழையில் நனைந்துகொண்டிருந்த எனக்கு ஏசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசும். அவளுக்கும் கூசியிருக்க வேண்டும், உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நிலத்தில் முதல் சில வாரங்கள் தூக்கத்தில் நடந்த மாதிரிதான் இருந்தன. விடிகாலையில் மலை தெரியாது. மேகம் கீழே இறங்கி எங்கள் தகரக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருக்கும். அதற்குள் என் மனைவி நடந்து போவாள், கொஞ்ச தூரத்தில் காணாமல் போவாள், பிறகு அவள் குரல் மட்டும் வரும். தாராவிக் குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்று நாலரைக்கே விழிப்பு வந்துவிடும் எனக்கு. வெளியே கிணறு நிறையத் தண்ணீர். அவசரமில்லை. மறுபடி படுப்பேன், காலை நீட்டுவேன், எங்கேயும் இடிக்காது. எங்கேயும் இடிக்கவில்லையே என்ற யோசனையிலேயே தூக்கம் போய்விடும்.

கத்திரி நட்டோம். மாட்டுங்காவில் எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு ஏற்ற சின்னக் காயை அம்மா எங்கெங்கோ தேடுவாள் என்பது தெரியும். அதனால்தான் கத்திரி. செடிக்குச் செடி இரண்டடி விட வேண்டும். என் மனைவி அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். கயிற்றில் இரண்டடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு அளந்துதான் நட்டோம். மாலையில் வரப்பில் நின்று பார்த்தோம். விரலளவு நாற்றுகளுக்கு நடுவில் அவ்வளவு மண் சும்மா கிடந்தது. நாற்றங்கால் தட்டுகளில் பாதி நாற்று மிச்சம் இருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் எழுந்து போனபோது அவள் ஏற்கெனவே முதல் வரிசையில் குனிந்திருந்தாள். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு நாற்றைச் செருகிக்கொண்டிருந்தாள். "சும்மாதானே கெடக்கு" என்றாள். எதிர்ப்பக்கத்திலிருந்து நானும் ஆரம்பித்தேன்.

மும்பை லோக்கலில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆள் வந்து நின்றால் யாரும் எதுவும் பேசுவதில்லை. லேசாக நகர்வார்கள். நாலாவது ஆள் பாதி உடம்பை வைத்துக்கொள்வான், மற்ற பாதி நடைபாதையில் தொங்கும். நாங்கள் அறிந்த நாகரிகம் அதுதான். இடம் இருக்கும்போது ஒருவனை நிற்கவிடுவது எங்களுக்குத் தெரியாது. அதையேதான் நிலத்திலும் செய்தோம்.

ஜூலை முழுக்க மழையில் செடிகள் மளமளவென்று ஏறின. மண்ணே தெரியாமல் ஒரே பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே நான் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து நிலத்துக்காரர் ஒருநாள் வரப்பில் நின்று பார்த்தார். மும்பையில் கொஞ்ச காலம் மில் வேலையில் இருந்த மராட்டிக்காரர், எங்கள் வயல் வரிசைகளையும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மராத்தியில் கேட்டார், "என்ன, இங்கேயும் சாள் கட்டிவிட்டீர்களா?" சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளைத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் நடுவில் பூத்தது. பூ நிற்கவில்லை. நின்ற பூக்கள் பிஞ்சாகி, பிஞ்சிலேயே அழுகின. உள்ளே கையை விட்டால் வெந்நீர்ப் பாத்திரத்தைத் திறந்த மாதிரி புழுக்கம். காற்று புக வழியில்லை. அந்த ஞாயிறு அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "பூத்திருச்சா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். பூத்துவிட்டது என்று சொன்னேன். ஒரு கரண்டி கூடுதலாகக் குழம்பு விழுந்தது. அந்தக் குழம்பை விழுங்க எனக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை என் மனைவி சொன்னாள்: "ஒண்ணு விட்டு ஒண்ணு பிடுங்கிரணும்."

"பூத்த செடியவா?"

"பூத்து என்ன, காய் நிக்கலையே."

"எதைப் பிடுங்குவ? எதுக்கு இங்க இருக்க உரிமை இல்லன்னு நீ எப்படி முடிவு பண்ணுவ?"

கத்திவிட்டேன். அந்த வருடம், தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக, எங்கள் கல்லியில் வாசலுக்கு வாசல் எண் எழுதிக்கொண்டிருந்தார்கள். புது வீடு யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாது என்பதே எல்லார் வாயிலும் பேச்சு. அந்தக் கோபத்தையெல்லாம் அன்று அவள்மேல் கொட்டினேன்.

அவள் கத்தவில்லை. "இது செடி. நம்ம கல்லி இல்ல" என்றாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு தாராவிக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை குர்லாவில் கர்ஜத் வண்டி ஏறினேன். நல்ல கூட்டம். மூன்று பேர் நகர்ந்து கொடுத்தார்கள், நான் நாலாவதாகப் பாதி உட்கார்ந்தேன். வழக்கம்போலத் தூங்கிப்போனேன். பாதிக் கனவில் கத்திரிச் செடிகளெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று நகர்ந்து இடம் கொடுத்துக்கொண்டிருந்தன. யாரோ என் தோளைத் தொட்டார்கள். "பாய், ஆராம் சே பைட்டோ" என்று எதிரில் இருந்தவர் வசதியாக உட்காரச் சொன்னார். விழித்துப் பார்த்தால் பத்லாபூர் தாண்டிவிட்டது. என் பெஞ்சில் வேறு யாரும் இல்லை. முழு பெஞ்சும் காலியாகக் கிடக்க, நான் மட்டும் ஓரத்தில் பாதி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தேனோ தெரியாது. கால் மரத்துப் போயிருந்தது.

நகர்ந்து நடுவில் உட்கார்ந்தேன். அதற்கே கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது.

நிலத்துக்குப் போனதும் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது எனக்கு வராது. நேராக முதல் வரிசைக்குப் போய் இரண்டாவது செடியைப் பிடுங்கினேன். வேர் மண்ணை விட்டு வரும்போது ஒரு சத்தம் கேட்கும், துணி கிழிகிற சத்தம். மூன்று நாள் அந்தச் சத்தத்தோடு இருந்தோம். சிலவற்றில் பூ இருந்தது. நான் அழுதேன், மழை பெய்துகொண்டிருந்ததால் வசதியாக இருந்தது. மூன்றாம் நாள் மாலை வரிசைகளுக்கு நடுவில் காற்று போனது. இலைகள் அசைந்ததைப் பார்த்து அவள்தான் முதலில் காட்டினாள்.

செப்டம்பர் கடைசியில் காய்த்தது. முதல் பறிப்பை லேப்டாப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அம்மா ஒரு காயை எடுத்துக் காம்பைத் தடவினாள். முள் குத்தியது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, "நல்ல காயி" என்றாள். மறுவாரம் மூன்று வீட்டுக்கும் லீவு சொல்லிவிட்டு என்னோடு கிளம்பினாள். கல்லியில் மட்டும், யாரோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். நீண்ட நேரம் வரிசைகளைப் பார்த்தாள்.

"ஏல, ஏன் இம்புட்டு இடம் சும்மா போட்டிருக்கிய? ஊடால கீரை வெதைக்கலாம்லா?"

என் மனைவி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினாள்.

சாப்பிட்ட பிறகு அம்மாவுக்குக் கண் சொருகியது. கொட்டகை நடுவில் பெரிய பாயை விரித்தோம். அவள் பாயின் ஓரத்துக்குப் போய், வாசலைப் பார்த்து, ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்துப் படுத்தாள். பாயில் மிச்ச இடமெல்லாம் வெயில் கிடந்தது. பாயில் இல்லாத ஆறு பேருக்கு அவள் இடம் விட்டிருந்தாள்.

"அம்மா, கால நீட்டிப் படு. இங்க யாரும் இல்ல."

"இருக்கட்டும்ல. பழகிப்போச்சு."

அப்போது அவள் போன் அடித்தது. எதிர்வீட்டு அக்கா. அம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். "எங்கக்கா இருக்கிய? சத்தத்தையே காணோம்?" என்ற குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பிராஞ்ச், ஆபீஸ், சொந்தக்காரர் வீடு, எது வரப்போகிறதோ என்று காத்திருந்தேன்.

"எம்மவன் வயக்காட்டுல படுத்திருக்கேன்" என்றாள்.

"வயக்காடா? யாரு வயக்காடு?"

"எம்மவனுக்குத்தான். கத்திரி போட்டிருக்கான். காத்து வருது பாரு, அப்படி வருது."

சொல்லிக்கொண்டே மல்லாந்து படுத்தாள். பிறகு ஒரு காலை நீட்டினாள். எதிலும் இடிக்கவில்லை. மற்ற காலையும் நீட்டினாள்.