கடல் அவர் பக்கம், ஆறு என் பக்கம்

ஜனவரி முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை, காலை ஆறு மணி. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு முன்னாலிருந்து பஸ்ஸை எடுத்தேன். பெங்களூரில் அந்த வாரம் நல்ல குளிர். கம்பளித் தொப்பியும் மஃப்ளருமாக என் கணவர் அருள்தாஸ் இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஏறி என்று சுலபமாக எழுதிவிட்டேன். புதிதாகப் பொருத்திய தாழ்வான படியில் இடது காலை வைத்து, இடது கையால் கம்பியைப் பிடித்து, நான் பின்னாலிருந்து தாங்க, அவர் மேலே வருவதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சீட் பெல்ட்டை மாட்டிவிட்டேன்.

"போலாம்" என்றார்.

அருள்தாஸ் இருபத்திரண்டு வருடம் கம்பெனி ஸ்டாஃப் பஸ் ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஊர் சுற்ற வேண்டும் என்று ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, வீடாக மாற்ற ஆரம்பித்தார். கட்டிலும் சமையல் மேடையும் முடிந்த சமயத்தில் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. அது நடந்து இரண்டரை வருடம் ஆகிறது. பேச்சு பெரும்பாலும் திரும்பிவிட்டது. கைத்தடி வைத்து நடக்கிறார். வலது கை மட்டும் மடியிலேயே கிடக்கும். பஸ், வீட்டுக்கு எதிரே மரத்தடியில் இலைச் சருகையும் காக்கை எச்சத்தையும் சுமந்துகொண்டு நின்றது.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஸ்கூட்டர் தவிர எதையும் ஓட்டியதில்லை. போன கோடை விடுமுறையில் ஹெண்ணூர் ரோட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். முதலில் கார், அப்புறம் வேன், அதற்கும் அப்புறம் பஸ். இவரிடம் கற்றுக்கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் வரவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்த அன்று காட்டினேன். "போட்டோ நல்லா விழுந்திருக்கு" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸில் மிச்சமிருந்த மரவேலையை மர்பி டவுனில் பட்டறை வைத்திருக்கும் என் தம்பி முடித்துக்கொடுத்தான். கழிவறைக்குள் இரண்டு கைப்பிடிகள், கட்டிலுக்குப் பக்கத்தில் அகலமான ஜன்னல்.

இதற்கிடையில் ஹோசூரிலிருந்து ஒருவர் பஸ்ஸை விலைக்குக் கேட்டார். உள்ளே சாப்பாட்டுக் கடை வைக்கப் போகிறாராம். கொடுத்துவிடலாம் என்பது இவர் எண்ணம். ஒரே ஒரு பயணம் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன் நான். பொங்கல் வரை அவகாசம் வாங்கினோம்.

எங்கே போவது என்பதில் சண்டை வரவில்லை. உடுப்பிக்கு வடக்கே மரவந்தே என்று ஒரு கடற்கரை ஊர். இவர் ஒருமுறை கம்பெனி ஆட்களைச் சுற்றுலா அழைத்துப் போனபோது அந்த வழியாக ஓட்டியிருக்கிறார். சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு என்று சொல்வார். எப்படி இருந்தது என்று கேட்டால், "நான் ரோட்டைத்தான் பார்த்தேன்" என்பார். எங்கள் வீட்டிலிருந்து சுமார் நானூற்று அறுபது கிலோமீட்டர்.

ஹெப்பாள், துமகூரு ரோடு, நெலமங்கலா. அங்கே இடப்பக்கம் திரும்பினால் மங்களூரு நெடுஞ்சாலை. ஐம்பதைத் தாண்டாமல் போனேன். லாரிகள் எங்களைத் தாண்டும்போதெல்லாம் இவருடைய இடது கால் தரையை அழுத்துவதைப் பார்த்தேன்.

"ஹாரன் அடி."

"அடிச்சேங்க."

"எனக்கே கேக்கல."

எட்டரை மணிக்கு எடியூரில் தட்டு இட்லி. இட்லி, வடை, காபி எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு நூற்று அறுபது ரூபாய். சாம்பார் கொஞ்சம் தித்திப்பு. அவரை இறக்கி ஏற்றுவது சிரமம் என்று தட்டைப் பஸ்ஸுக்கே வாங்கி வந்தேன். ஹாசனைத் தாண்டியதும் காற்று மாறியது. வெயில் இருந்தும் சுடவில்லை. மாலை மூன்றரைக்குச் சக்லேஷ்புரம். இருநூற்று இருபது கிலோமீட்டருக்கு ஒரு பகல் முழுவதும் ஆகியிருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு காபித் தோட்டத்து வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்த இடம் கிடைத்தது. கரண்ட், தண்ணீர் எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய். முற்றம் முழுக்கக் காபிப் பழங்களைக் காயப் போட்டிருந்தார்கள். பழம் பாதி காய்ந்த, லேசாகப் புளித்த வாசனை. வீட்டுக்காரி ரத்னம்மா பஸ்ஸுக்குள் ஏறிப் பார்த்து, அடுப்பைத் தொட்டு, கழிவறைக் கதவைத் திறந்து மூடி, கடைசியில் கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டார். என் கணவரிடம் கன்னடத்தில், "நீங்க டிரைவரா?" என்று கேட்டார். இவர் கன்னடத்திலேயே, "இருந்தேன்" என்றார். ரத்னம்மா என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

வெள்ளி காலை ஏழரைக்குக் கிளம்பும்போது முற்றமே தெரியாத அளவுக்குப் பனி. சக்லேஷ்புரத்துக்கு அப்பால் சிராடி மலைப்பாதை. மலை இறங்கி குண்டியா போய்ச் சேரும் வரை நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான் நான்காவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"மூணுல போடு" என்றார்.

"போடறேன்."

போடவில்லை. சரிவில் கியர் மாற்றும்போது விழாமல் போய்விட்டால் வண்டி கையை மீறி ஓடிவிடும் என்று பயம். அதனால் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்தபடியே போனேன். ஏழெட்டு வளைவுகளுக்குப் பிறகு ரப்பர் கருகுவது மாதிரி ஒரு நாற்றம் வந்தது. பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது.

"நிறுத்து" என்றார். பதற்றம் வந்தால் அவருக்கு இப்போதும் வார்த்தை குழறும். "ஓரமா. ஓரமா நிறுத்து ஜெசி."

சாலை அகன்ற ஓர் இடத்தில் கைப்பிரேக்கைப் போட்டு நிறுத்தினேன். இறங்கி நான்கு சக்கரங்களுக்கும் கல் வைத்தேன். முன் சக்கரங்களிலிருந்து மெல்லிய புகை வந்தது. பனிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரிய சற்று நேரமானது. மேலே ஏறியபோது அவர் வெளியே பார்த்தபடி இருந்தார்.

"வித்துடலாம். இதோட போதும்."

எனக்குக் கோபம் வந்தது. "ஒரு நாள் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தீங்களா? இப்ப மட்டும் போதும்னா?"

ஒரு லாரி போனது. பஸ் ஆடி நின்றது.

"கிளீனர் பசங்களுக்கு நான் எப்படிக் கத்துக் குடுத்தேன் தெரியுமா? அவன் கை மேல என் கைய வெச்சுத்தான் கியர் போடுவேன். எனக்கு அப்படித்தான் தெரியும். வாயால சொல்லத் தெரியாது." மடியில் கிடந்த வலது கையைக் குனிந்து பார்த்தார். "இத வெச்சுகிட்டு உனக்கு எப்படிச் சொல்லித் தர்றது?"

இரண்டரை வருடத்தில் அந்தக் கையைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. நான் பின்னால் போய் டீ வைத்தேன். பால் பொங்கும் வரை அங்கேயே நின்றேன். பிரேக் ஆற எப்படியும் ஒரு மணி நேரமாகும்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது எங்களுக்குப் பின்னால் ஒரு கேஸ் டாங்கர் வந்து நின்றது. நாமக்கல் வண்டி. டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். பின் கண்ணாடியில் தமிழில் எழுதியிருந்த பைபிள் வசனத்தைப் பார்த்திருப்பார் போல. நேராக என் கணவரின் ஜன்னலுக்கு வந்தார்.

"என்னங்கண்ணா, பிரேக்கு சூடாயிருச்சுங்களா?"

"ஆமா தம்பி."

"தண்ணி கிண்ணி ஊத்திராதீங்க. தானா ஆறட்டும். எந்தக் கியர்ல இறங்குனீங்க?"

என் கணவர் தலையை என் பக்கம் திருப்பினார். "டிரைவர் அவங்க. அவங்களக் கேளுங்க."

டாங்கர்காரர் எட்டி என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நாலுலயாங்கக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "எல்லாரும் மொதல்ல அப்படித்தானுங்க. நான் ரெண்டுலதான் போவேன். என் பின்னாடியே வாங்க. நான் பிரேக் லைட்டு போட்டாத்தான் நீங்க பிரேக்கு புடிக்கணும். ஆறட்டும், நானும் டீ குடிச்சுக்கறேன்."

அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். பனி கொஞ்சம் விலகியதும் புறப்பட்டோம். இரண்டாவது கியர் எளிதாக விழுந்தது. இன்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்தது. முன்னால் அந்தப் பெரிய உருளையின் பின்பக்கத்தையும் இரண்டு சிவப்பு விளக்குகளையும் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அவை எரிந்தபோது மிதித்தேன், அணைந்தபோது விட்டேன். போகப்போக, அவை எரிவதற்கு முன்பே எனக்கு வளைவு தெரிய ஆரம்பித்தது.

இடப்பக்கத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கோபம் தணியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். குண்டியாவில் சாலை சமமானதும் டாங்கர்காரர் கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டு வேகமெடுத்தார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அருள்தாஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

டிரைவரைக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது என்னவென்று தெரியும். வேளாங்கண்ணிக்கு இரவு பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறோம்; இன்னொருவர் ஓட்டும் வண்டியில் அவர் கண் மூடி நான் பார்த்ததே இல்லை. எழுப்பவில்லை. உப்பினங்கடி வரை ஹாரனைக்கூட யோசித்துத்தான் அடித்தேன்.

மங்களூரில் மத்தியானச் சாப்பாடு, ஆளுக்கு நூற்று நாற்பது ரூபாய். புழுங்கலரிசிச் சோறு, மீன் குழம்பு. குளிரை மலைக்கு மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். ஸ்வெட்டர்களைக் கழற்றிக் கட்டிலில் போட்டேன். உடுப்பி, குந்தாபுரா. மாலை ஐந்தே முக்காலுக்கு மரவந்தே.

வடக்கே போகிறவர்களுக்குக் கடல் இடப்பக்கம், ஆறு வலப்பக்கம். கடல் அவர் பக்கம், ஆறு என் பக்கம். ஆற்றை ஓரக்கண்ணால் பார்த்தேன். தென்னைகள் நடுவே அசையாமல் கிடந்தது. கடலைப் பார்க்க முடியவில்லை. எதிரே பஸ்கள் வந்துகொண்டிருந்தன.

"சொல்லுங்க, எப்படி இருக்கு?"

"ரோட்டப் பாரு." கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார். "பாறை போட்டிருக்காங்க, அதுல வந்து அடிக்குது. ஒரு படகு போகுது. ரெண்டு படகு. சூரியன் தண்ணியத் தொடல இன்னும். மெதுவாவே போ."

இவ்வளவு நீளமாக அவர் பேசிக் கேட்டு நாளாகியிருந்தது. ஓரமாக நிறுத்த இடம் வந்தும், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிறுத்தினேன்.

மணலில் கைத்தடி இறங்கிவிடும் என்பதால் இறங்கவில்லை. பக்கக் கதவைத் திறந்து படியில் இருவரும் உட்கார்ந்தோம். ஒரு பெண் கூடையோடு வந்து கடைசியாக மிச்சமிருந்த பங்குடே மீன் நூறு ரூபாய்க்கு ஏழு என்றார். பேரம் பேசாமல் வாங்கினேன். நம் ஊரில் அது அயிலை.

"ஹோசூர்காரருக்கு போன் போடு" என்றார் அருள்தாஸ்.

மீனைக் கீழே வைத்தேன். "இப்பவேவா?"

"பொங்கலுக்குள்ள சொல்லணும்ல. வேற வண்டி பாத்துக்கச் சொல்லு. பாவம், காத்துட்டு இருப்பாரு."

போனில் பேசும்போது என் குரல் சரியாக வரவில்லை. சிக்னல் இல்லை என்று அந்த மனிதர் நினைத்திருப்பார்.

சனி முழுவதும் அங்கேயே இருந்தோம். மீன் வறுத்தேன். அவர் கட்டில் ஜன்னலோரம் படுத்துக் கடலைப் பார்த்தார். மலையில் என்ன செய்தேன் என்று ஒவ்வொரு வளைவாகக் கேட்டார். வாயால் சொல்லத் தெரியாது என்றவர் மதியம் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு இடத்தில் நான் செய்ததுதான் சரி என்று வாதாடினேன். ஒன்றை ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு திரும்பிப் புறப்பட்டோம். மலையில் ஏற்றம், பிரச்சினை இல்லை. சக்லேஷ்புரத்தில் தங்கி, திங்கள் இருட்டுவதற்குள் பெங்களூர். நெலமங்கலாவிலிருந்து லிங்கராஜபுரம் வர, ஹாசனிலிருந்து நெலமங்கலா வர ஆனதில் பாதி நேரம் ஆனது. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே போன சாலையில் இவ்வளவு சத்தம் இல்லை.

எங்கள் தெருவில் ரிவர்ஸில்தான் போக வேண்டும். தெருமுனையில் நிறுத்தியதும் அருள்தாஸ் பெல்ட்டைத் தானே கழற்றினார்.

"இறக்கி விடு. நான் பின்னாடி நிக்கறேன்."

பக்கவாதத்துக்குப் பிறகு அவர் தெருவில் நின்று பேசியதில்லை. குழறல் மற்றவர் காதில் விழுமே என்று, யாராவது நலம் விசாரித்தால்கூடத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவார். இறக்கிவிட்டு மேலே ஏறினேன். கண்ணாடியில் பார்த்தேன்: தெரு நடுவே, கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கி, இடது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். மளிகைக் கடைப் பையன் ஸ்கூட்டரை நகர்த்தினான்.

"வரட்டும்" என்று சத்தமாகக் குரல் கொடுத்தார். "வரட்டும், வரட்டும். லெஃப்ட் ஒடி. இன்னும் வரட்டும்."

நான் கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அந்தக் குரலை மட்டும் கேட்டபடி பின்னால் போனேன்.